மீட்டருக்குக் குறைந்த கோடு

பெரிய பிரிண்டர் விற்கும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். மெஷினை எப்படிப் பிரிப்பது, எப்படிப் பூட்டுவது, எந்த லைட் எரிந்தால் எந்தக் கதவைத் திறப்பது என்பதையெல்லாம் கம்பெனி பயிற்சியில் என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். அதைப் பேச என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்கிறேன். இத்தனை வருடம் தென்காசி, செங்கோட்டை, கடையம் என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில், இந்தத் தொழில் எதற்காக என்று எனக்குப் புரியவைத்தவர் அவர்.

நம் ஏரியாவில் நம்முடைய வியாபாரம் பெரும்பாலும் எக்ஸ்சேஞ்ச்தான். கட்டடப் பிளான் போடுகிற ஆபீஸ்களில் ஒரு பழைய பிளாட்டர், அதாவது பிளான் அடிக்கிற பெரிய பிரிண்டர், இருக்கும். அகலமான பேப்பர் ரோலை இழுத்து இழுத்து அதற்கு வயதாகியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு, விலையில் கொஞ்சம் கழித்து, புதியதை இறக்குவோம். எக்ஸ்சேஞ்ச் நடக்கிற அன்று எல்லார் கண்ணும் புது மெஷின் மேலேயே இருக்கும். பழையதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சீக்கிரம் இடத்தைக் காலி பண்ணினால் போதும் என்றிருக்கும்.

நான் சொல்லப்போகிற மேடம் தென்காசியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில், ஒரு மாடியில் ஆபீஸ் வைத்திருந்தார். சிவில் இன்ஜினியர். வீடு, கல்யாண மண்டபம், லாட்ஜ் என்று சுற்றுவட்டாரத்தில் அவர் போட்ட பிளான் நிறைய. பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. மேடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் இருந்தது நாங்கள் எப்போதோ விற்ற மெஷின். அதற்கு உதிரிப் பாகம் வருவது நின்றுபோய், சர்வீஸ் ஒப்பந்தமும் முடிந்துபோயிருந்தது. பேப்பரை இழுக்கும்போது முனகும். மாற்றிவிடுங்கள் என்று நான் கேட்கத் தொடங்கி, அவர் சரி என்று சொல்ல ரொம்ப நாள் ஆனது. மற்றவர்கள் புது மெஷின் எவ்வளவு வேகம், மை எவ்வளவு குடிக்கும் என்று கேட்பார்கள். இவர் கேட்டது வேறு.

"அண்ணாச்சி, நீங்க தரப்போற மெஷின் அடிக்கிற கோடு, என் பழைய மெஷின் அடிச்ச கோட்டு மேல அப்படியே உக்காருமா?"

"அச்சு அசலா உக்காரும் மேடம்" என்றேன். விற்கிறவன் வேறென்ன சொல்வான்.

சாரல் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு முற்பகலில் புது மெஷினை இறக்கினோம். மாடிப்படி குறுகல். நாலு பேர் சேர்ந்து ஏற்றி, நிறுத்தி, ரோலைப் போட்டு ஓடவிட்டபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. பழைய மெஷினை ஏற்றிப்போக வேன் கீழே நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் மேனேஜர் போன்மேல் போன். அந்தப் பழைய மெஷினுக்கு அவர் ஏற்கெனவே ஆள் பிடித்துவிட்டார். கடையத்தில் புதிதாகப் பிளான் ஆபீஸ் திறக்கிற ஒருவர், அன்றைக்கே வேண்டும் என்று காத்திருந்தார்.

மேடம் மட்டும் அவசரப்படவில்லை. "பழசுல கடைசியா ஒண்ணு அடிச்சுக்கிடுதேன்" என்று ஒரு டிராயிங்கைப் பழைய மெஷினில் அடித்தார். அதே டிராயிங்கைப் புதியதிலும் அடித்தார். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்திப் பிடித்தார். வெளியே நல்ல வெயில். கோடுகள் தெளிவாகத் தெரிந்தன.

இடது ஓரத்தில் இரண்டு தாளின் கோடுகளும் ஒன்றாக இருந்தன. வலது பக்கம் போகப் போக விலகின. கடைசியில், ஒரே சுவர் இரண்டு சுவராகத் தெரிந்தது.

எனக்கு வேர்த்துவிட்டது. இன்றைக்கு இறக்கிய மெஷின், இன்றைக்கே தப்பா என்று. "செட்டிங்ல சரி பண்ணிரலாம் மேடம்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அவர் திரும்பி, "ரெண்டுல எது பொய் சொல்லுது அண்ணாச்சி?" என்றார்.

கம்ப்யூட்டரில் சரியாக ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே ஒரு கோடு போட்டார். இரண்டு மெஷினிலும் அடித்தார். ஸ்டீல் டேப்பை நான் ஒரு முனையில் பிடிக்க, அவர் மறுமுனையில் குனிந்து பார்த்தார். புதிய மெஷினின் கோடு சரியாக ஒரு மீட்டர். பழையது கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் குறைவு. பேப்பரை இழுக்கிற உருளைகள் தேய்ந்து, நழுவி நழுவி, நீளவாக்கில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கியிருக்கிறது. அகலவாக்கில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் பார்வைக்குத் தெரியவில்லை.

எனக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா மேடம், சரியான நேரத்துல மாத்திட்டீங்க!" என்றேன். விற்பனைக்காரனுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? ஆனால் அவர் புது மெஷினைப் பார்க்கவே இல்லை. பழைய மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எப்பலேர்ந்து இப்படி அடிக்குதுன்னு தெரியாதே" என்றார். "இதுல அடிச்ச தாளு எங்கெங்க போயிருக்கு!"

நான் ஆறுதலுக்காகச் சொன்னேன். "டிராயிங் கீழேயே எழுதியிருக்கே மேடம். எழுதின அளவைத்தான் எடுக்கணும், ஸ்கேல் வெச்சு அளக்கக் கூடாதுன்னு. உங்க மேல ஒரு கேள்வி வராது."

"அது எனக்குக் காவல் அண்ணாச்சி. கட்டடத்துக்கு இல்ல."

இந்த ஒரு வரியை நீங்கள் எங்கேயாவது குறித்து வைத்துக்கொள்ளலாம்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எந்தெந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று மனதுக்குள் ஓட்டிப்பார்க்கிறார் என்று புரிந்தது. சட்டென்று எழுந்தார். குற்றாலத்தில் ஒரு லாட்ஜ், மேல்தளத்துக்கு மறுநாள் காலையில் காங்கிரீட். கம்பி கட்டி முடித்தாயிற்று என்று முந்தின நாள்தான் கொத்தனார் போனில் சொல்லியிருக்கிறார். இப்போது கூப்பிட்டால் எடுக்கவில்லை. மாடியில் வேலை நடக்கிற சத்தத்தில் யாருக்குப் போன் கேட்கும்?

"அண்ணாச்சி, உங்க கார்ல கொஞ்சம் குத்தாலம் வரைக்கும் போயிட்டு வருவமா? என் வண்டி ஒர்க் ஷாப்புல நிக்குது."

மேனேஜர் மறுபடியும் கூப்பிட்டார். பழைய மெஷின் இப்போது வராது, வேனைத் திருப்பி அனுப்புகிறேன் என்றேன். அவர் கத்தியதை இங்கே சொல்ல வேண்டாம். மேடம் லாட்ஜ் டிராயிங்கைப் புது மெஷினில் அடித்துச் சுருட்டி எடுத்துக்கொண்டார், ஸ்டீல் டேப்பையும். கிளம்பினோம்.

வழியில் அவர் எனக்கு விளக்கினார். அந்தத் தளத்தின் மேலே பெரிய தண்ணீர்த் தொட்டி வருகிறது. லாட்ஜ் என்றால் அத்தனை குளியலறை. தொட்டியைத் தாங்குகிற சுவருக்கு அடியில் ஒரு மறைவு பீம் கொடுத்திருக்கிறார். அதாவது தளத்தின் கனத்துக்குள்ளேயே கம்பிக் கூடு கட்டி ஒளித்துவைக்கிற பீம். கீழேயிருந்து பார்த்தால் தெரியாது. காங்கிரீட் போட்டுவிட்டால் மேலேயிருந்தும் தெரியாது. முதலாளி தொட்டியைப் பெரிதாக்கச் சொன்னதால் அதைக் கடைசி நேரத்தில் சேர்த்திருக்கிறார்.

"மத்த எல்லாத்துக்கும் அளவு எழுதியிருக்கேன். அது ஒண்ணுக்கு மட்டும் எழுதுனனா இல்லையான்னு..." என்று சுருளை விரித்துப் பார்த்தார். எழுதியிருக்கவில்லை.

ஒரு பக்கம் மலை உச்சியில் மேகம் கவிழ்ந்துகொண்டிருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லாட்ஜ் முதலாளியும் அங்கே இருந்தார். தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். சீசனுக்கு முன்னால் தளம் போட்டுவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார். "வாங்கம்மா, வாங்க! எல்லாம் ரெடி. நாளைக்கு நல்ல நேரத்துல போட்டுர வேண்டியதுதான்" என்று உற்சாகமாக வரவேற்றார்.

மேடம் சிரித்து வணக்கம் சொன்னாரே தவிர, விஷயத்தைச் சொல்லவில்லை. நேரே மாடி ஏறினார். முதலில் அளந்தார். ஒன்று நிச்சயமாகத் தெரியாமல் ஒருவரைக் கலவரப்படுத்தக் கூடாது என்பதில் அவர் எவ்வளவு கவனமாக இருந்தார் என்று பின்னால்தான் யோசித்தேன். கம்பிகள்மேல் கால்வைத்து வைத்து நடந்து, நான் முன்பக்கத்தில் டேப்பைப் பிடிக்க, அவர் பின்பக்கம் வரை இழுத்துக்கொண்டு போனார். குனிந்தார். இன்னொரு தடவை அளந்தார்.

"அண்ணாச்சி, இந்த மறைவு பீமை எங்கேருந்து அளந்து கட்டினீங்க?" என்று கொத்தனாரிடம் கேட்டார்.

"முன்னாலேருந்துதாம்மா. மத்த அளவெல்லாம் அங்கேருந்துதானே வருது. இதுக்கு அளவு போடல. அதான் பேப்பர்ல ஸ்கேல் வெச்சு எடுத்தேன்." அவர் முகம் சுருங்கியது. "தப்பா இருக்கா? நான் ரெண்டு தடவை பாத்துத்தான் கட்டினேன்."

"நீங்க அளந்தது சரிதான். நான் குடுத்த பேப்பர்தான் தப்பு."

காகிதத்தில் நகக்கண் அளவு சுருங்கியது, அந்தக் கட்டடத்தின் நீளத்துக்கு ஒரு சாண் ஆகிவிட்டது. தொட்டிச் சுவர் எங்கே வரவேண்டுமோ, அங்கே அடியில் பீம் இல்லை. ஒரு சாண் தள்ளிப் படுத்திருந்தது.

கீழே இறங்கி முதலாளியிடம் சொன்னபோது அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் குரல் ஏறியது.

"என்னம்மா சொல்லுதிய? நாளைக்கு விடிஞ்சா காங்கிரீட்டு. கலவை மெஷினு, ஆளு எல்லாம் கடையத்துலேருந்து வருது. மேல பாத்தியளா, மேகம் எப்படி நிக்கின்னு? நாளைக்கு விட்டா சீசன் முடிஞ்சுதான்!"

"பிரிச்சு, சரியான இடத்துல கட்டணும் முதலாளி. இன்னைக்கே கட்டிரலாம்."

"ஒரு சாண்தானம்மா? செவத்தை ஒரு சாண் தள்ளிக் கட்டிட்டாப் போச்சு. எதுக்கு இவ்வளவு பாடு?"

நியாயமான கேள்வி. எனக்கும் அதுதான் தோன்றியது. இதற்கு மேடம் உடனே 'முடியாது' என்று சொல்லியிருந்தால் நான் இந்தக் கதையை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தார். தாளை மடியில் விரித்தார். அத்தனை பேர் சுற்றி நிற்க, முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, அந்த யோசனையை நிஜமாகவே போட்டுப் பார்த்தார். சுவரைத் தள்ளினால் பாரம் எப்படி இறங்கும், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பென்சிலால் வரைந்து வரைந்து பார்த்தார். அவசரத்திலும், கோபத்திலும், எதிராளி சொல்வது சரியாக இருக்கலாம் என்று ஒரு நிமிடம் நம்பிப் பார்ப்பதற்குத் தனி நெஞ்சு வேண்டும்.

பிறகு தலையை நிமிர்த்தினார். "தள்ளலாம் முதலாளி. தொட்டி நிக்கும். ஆனா மாடிப்படிக் கதவு செவத்துல இடிச்சுப் பாதிதான் திறக்கும். சீசன்ல ஈரத்துணி காயப்போட அத்தனை பேரு ஏறி இறங்குத படி. ஏதாவது ஒண்ணுன்னா எல்லாரும் அந்தப் பாதிக் கதவு வழியாத்தான் ஓடணும். அதனால வேண்டாம்."

முதலாளி கதவு வரப்போகிற இடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கோபம் வேறு பக்கம் திரும்பியது. என்னைப் பார்த்தார்.

"இவரு யாரு?"

"நான் பிரிண்டர் கம்பெனி" என்றேன்.

"ஓ! உங்க மெஷினு பண்ணின வேலையா இது?"

குற்றாலத்தில் ஒரு முதலாளியிடம் நம் கம்பெனி பெயர் கெட்டால், சாயங்காலத்துக்குள் செங்கோட்டை தாண்டி, கேரள எல்லையில் இருக்கிற புளியரை செக்போஸ்ட்டும் தாண்டிப் போய்விடும். மேடம் ஒரு வார்த்தை 'ஆமாம்' என்றிருந்தால் போதும். அது பொய்யும் இல்லை.

"மெஷினுக்கு வயசாயிட்டு, அது தேயத்தான் செய்யும்" என்றார் மேடம். "அந்த இடத்துல அளவு எழுதாம விட்டது நான். எழுதியிருந்தா எந்த மெஷின்ல அடிச்சாலும் கொத்தனாரு சரியாக் கட்டியிருப்பாரு. இவரையோ, கொத்தனாரையோ ஒண்ணும் சொல்லாதீங்க."

முதலாளி மேகத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். "மழ வந்து நாளைக்கு வேலை கெட்டா நீங்கதாம்மா பதில் சொல்லணும்" என்றார்.

"சொல்லுதேன்."

அவ்வளவுதான் பேச்சு. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மாடி ஏறினார். கட்டுக்கம்பியை ஒவ்வொன்றாக வெட்டிப் பிரித்து, அந்தக் கம்பிக் கூட்டை நகர்த்தி மறுபடியும் கட்ட வேண்டும். அடியில் தளத்துக் கம்பி சிக்கும், அதையும் விலக்க வேண்டும். ஆட்கள் முணுமுணுத்தார்கள். முடித்த வேலையைப் பிரிக்கச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? அவர் யாரையும் அதட்டவில்லை. கூடவே குனிந்து கம்பியைப் பிடித்தார். நான் டை கட்டிய ஆள். டையைக் கழற்றி பாக்கெட்டில் வைத்துக்கொண்டு டேப்பைப் பிடித்தேன். நடுவில் தூறல் போட்டது. யாரும் இறங்கவில்லை.

பொழுது சாயும்போது கொத்தனார் கடைசிக் கட்டை முறுக்கிவிட்டு, "வாங்கம்மா, வந்து அளந்துக்கிடுங்க" என்றார். அளந்தோம். இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கீழே முதலாளி ஒரு பெரிய பொட்டலத்தோடு நின்றார். தென்காசியிலிருந்து ரசவடை வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். முதல் வடையை எடுத்துக் கொடுத்தது மேடத்துக்கு. மன்னிப்பும் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. "சூடு ஆறிரும், தின்னுங்க" என்றார். மறுநாள் மழை வழிவிட்டது. தளம் போட்டார்கள். எனக்கு அங்கே வேலையே இல்லை, ஆனாலும் போய் நின்றேன். மேடம் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு நல்ல இன்ஜினியரின் கதை என்று சொல்லி விட்டுவிடலாம். அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. ஆபீஸில் உட்கார்ந்து, அந்தப் பழைய மெஷினில் அடித்த தாள் யார் யாரிடம் இருக்கிறதோ, எல்லாரையும் தானே கூப்பிட்டார். "நான் குடுத்த டிராயிங்குல ஸ்கேல் வெச்சு எதையாவது எடுத்திருந்தா அப்படியே நிறுத்துங்க. நான் வந்து பாக்குதேன். புது பிரிண்ட் தருதேன்." ஒவ்வொருவரிடமும் இதையே, அதே குரலில். யாரும் கேட்காத தப்பு. யாருக்கும் தெரிந்தே இருக்காது. நாங்கள் இறக்கிய புது மெஷின் முதலில் செய்த வேலை, அந்தப் பழைய டிராயிங்குகளை எல்லாம் திரும்ப அடித்ததுதான். நல்ல வேளையாக வேறு எங்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் கைக்கு வர இருந்த ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலை போய்விட்டது. 'அந்தம்மா பிளானே தப்பாம்' என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதைப் பற்றி நான் வருத்தப்பட்டபோது, "அவங்களுக்குப் பயம் வரத்தானே செய்யும்?" என்றதோடு சரி.

பழைய மெஷின் இன்னும் அங்கேயே இருந்தது. மேனேஜர் அதைக் கடையத்துக்கு அனுப்பு, அனுப்பு என்றார். நீளம் குறைகிற விஷயத்தைச் சொன்னேன். "செகண்ட் ஹேண்ட்னா அப்படி இப்படித்தான் இருக்கும்யா. கேட்டாச் சொல்லு" என்றார்.

எடுக்கப் போனபோது மேடம் கேட்டார்: "இதை யாரு தலையில கட்டப்போறீங்க அண்ணாச்சி?"

கடையத்தில் பிளான் ஆபீஸ் தொடங்குகிறவர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "அதை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

கடையத்துக்காரரிடம் நேரில் போய் உள்ளதைச் சொன்னேன். பிளானுக்கு இது ஆகாது, காத்திருங்கள், வேறு தருகிறேன் என்றேன். மனிதர் கொஞ்சம் சலித்துக்கொண்டார், ஆனால் காத்திருந்தார். மேனேஜர் என்னோடு சில நாள் பேசவில்லை. நான் பழைய மெஷினுக்கு இடம் தேடி அலைந்தேன். ஓடுகிற மெஷின், உடைத்து எடைக்குப் போடவும் மனமில்லை. அளவு முக்கியமில்லாத வேலை எங்கே இருக்கிறது என்று யோசித்தால் வழி கிடைக்கும். செங்கோட்டையில் கல்யாணப் படம் பெரிதாக அடித்துத் தருகிற கடைக்காரர் ஒருவரிடம் போனேன். கேரளாவிலிருந்தும் ஆள் வருகிற கடை. குறையை முதலிலேயே சொன்னேன். விலையும் அதற்குத் தகுந்த மாதிரி குறைத்தே சொன்னேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மாப்பிள்ளை ஒரு வெரக்கடை குட்டையாத் தெரிவாரு, அம்புட்டுத்தானே? கல்யாண வீட்டுல யாரு டேப்பு வெச்சு அளக்கப் போறா? இறக்குங்க அண்ணாச்சி!"

நீங்கள் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும்போது புது மெஷின் என்ன செய்யும் என்று விரல்நுனியில் வைத்திருப்பீர்கள். வைத்திருங்கள். அதோடு பழைய மெஷினில் ஒரு மீட்டர் கோடு அடித்து, வாடிக்கையாளர் கண்முன்னால் டேப் வைத்துப் பாருங்கள். நான் அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒரு இடத்திலும் அதை விட்டதில்லை. சிலர் சிரித்தார்கள். சிலர், "உமக்கு வேற வேலையில்லையா?" என்றார்கள். குறைந்தால் எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள். அவர்கள் கோபம் ஒரு நாளில் போய்விடும்.

செங்கோட்டையில் மெஷினை இறக்கிவிட்டு வெளியே வந்ததும் மேடத்துக்குப் போன் செய்தேன். எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. கல்யாணப் படக் கடை என்றேன். கடைக்காரர் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். அந்த ஜன்னல் கண்ணாடி நாளுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"மாப்பிள்ளை குட்டையானா பரவால்ல அண்ணாச்சி" என்றார். "வீடு குட்டையாயிரக் கூடாது."